கழுத்தை நீட்டிய சிப்பிகள்

வாயுள்ளவை எல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அமெரிக்கப் பழங்குடிகளான வம்பனோவாக் மக்களின் கடற்கரையில் சிப்பிகள் மணலுக்கு மேலேயே படுத்துக் கிடந்தன. வெயில் காய்வதும் ஊர்வம்பு பேசுவதும்தான் அவற்றுக்கு வேலை. கழுத்தும் அப்போது குட்டைதான்.

நெபாஸ் என்ற சிறுமி காலையில் மக்காச்சோளக் காட்டுப் பரணில் உட்கார்ந்து, விதையைக் கிளற வரும் காக்கைகளை விரட்டுவாள். கடல் உள்வாங்கியதும் கூடையோடு ஓடிவந்து சிப்பி பொறுக்குவாள். பழைய சோளம் தீர்ந்து, புதுச் சோளம் முளைவிடுகிற பருவம் அது. அம்மாவும் தம்பியும் அந்தக் கூடையை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்த வருஷம் கப்பலில் புது ஆட்கள் வந்து குடியேறினார்கள். கூடவே ஒரு பன்றியையும் கொண்டுவந்தார்கள். அதைக் கட்டிப்போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அது நேராகக் கரைக்கு வந்து, சிப்பிகளை ஓட்டோடு நொறுக்கித் தின்றது. குஞ்சு குளுவான்களைக்கூட விடவில்லை.

"அடிச்சு விரட்டட்டுமாம்மா?"

"ஐயோ, அது மேல கை வைக்காதே! அதோட ஆளுங்க துப்பாக்கியோட வந்து நிப்பாங்க" என்றாள் அம்மா.

சில நாளில், கரையில் மிஞ்சிய சிப்பிகள் ஒரு கூடைக்குத்தான் தேறின. நெபாஸ் எல்லாவற்றையும் அள்ளினாள். தூரத்தில் பன்றியின் உறுமல் கேட்டது.

கூடையிலிருந்த கிழட்டுச் சிப்பி, "எங்களைத் தின்னுடு பொண்ணே. இனி நாங்கதான் மிச்சம். அது வாய்க்குப் போறதுக்கு உன் வயித்துக்கே வந்துடறோம்" என்றது.

நெபாஸுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் கூடையைக் கீழே வைத்தாள். கையிலிருந்த குச்சியால் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டித் தோண்டி, ஒவ்வொரு சிப்பியாக உள்ளே இறக்கினாள்.

"அடியே, தண்ணிக்கு நாங்க எங்க போறது?"

"கழுத்தை மேல நீட்டிக்கோங்க!"

"நீட்டினா வலிக்குமே!"

"பன்றி கடிச்சா வலிக்காதா?"

சிப்பிகள் முக்கி முனகிக் கழுத்தை நீட்டின. நெபாஸ் மணலால் மூடினாள். வெறுங்கூடையைப் பார்த்துத் தம்பி அழுதான். அவளும் சேர்ந்து அழுதாள்.

கீரையும் ஆற்று மீனுமாக எப்படியோ நாள் ஓடியது. சிப்பிகள் மணலுக்கடியில் குஞ்சு பொரித்துப் பெருகின. ஒருநாள் பன்றி வந்து மணலை முகர்ந்தது. அதன் கால் அழுத்தியதும் கீழேயிருந்த சிப்பி வெடுக்கென்று கழுத்தை இழுத்துக்கொண்டது. உள்ளிருந்த உப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து, பன்றியின் மூக்குக்குள் நேராக ஏறியது! தும்மித் தும்மிக் கண் சிவந்து ஓடிய பன்றி, அந்தக் கரைப் பக்கம் பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை.

நெபாஸ் சிரித்துக்கொண்டே மணலில் ஓடினாள். மிதித்த இடமெல்லாம் தண்ணீர் தெறித்தது.

"இங்கதான் இருக்கோம், எடுத்துக்கோ! சின்னதுகளை மட்டும் விட்டுடு" என்றது கிழட்டுச் சிப்பி. நன்றியில்தான் பீய்ச்சினோம் என்று பெருமை வேறு! பயத்தில்தான் என்பது என் கட்சி.

அன்று தம்பி வயிறு நிறையச் சிப்பிச் சாறு குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். "அப்பாடா!" என்று அம்மாவும் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அந்த நாள் தொட்டுத்தான் அந்தக் கரைச் சிப்பிகள் நீண்ட கழுத்தோடு மணலுக்கடியில் வாழ்கின்றன. பசித்து வரும் பிள்ளையின் கால் பட்டதும், தண்ணீர் பீய்ச்சித் தங்கள் இடத்தைத் தாங்களே காட்டிக்கொடுக்கின்றன.