புல்வெளிக்குப் போன மல்லி

கைப்பேசிக்குள் வளர்ந்த குதிரைகளைப் பற்றிய கதை இது. விளையாட்டுச் சங்கதிதானே என்று அசட்டையாகக் கேட்பவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லத் திணறுவார். ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

மதுரை வில்லாபுரத்தில் அங்கயற்கண்ணி என்றொருத்தி இருந்தாள். கணவன் நெடுமாறனுக்குப் பார்சல் ஆபீசில் வேலை. அவளுக்கு இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில், பொழுது போகட்டுமென்று நெடுமாறனின் தங்கை தாமரைச்செல்வி குதிரை வளர்க்கும் விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

லாயத்துக் குதிரைகளை இணை சேர்க்க வேண்டும். பிறப்பவற்றில் காலும் நிறமும் நன்றாக அமைந்தவை பந்தயத்துக்குப் போகும். மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லாயம் நிறைந்துவிடும். சந்தையில் விற்கலாம். விரும்பிக் கேட்கும் வேறு ஆட்டக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். இரண்டும் நடக்காவிட்டால், 'புல்வெளிக்கு அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் குதிரை பச்சை வெளியில் ஓடி மறையும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் பிறகு அந்தக் குதிரை எவருடைய லாயத்திலும் இருக்காது. அழித்துவிடுவதைத்தான் அப்படி நயமாகச் சொல்லியிருந்தார்கள்.

கண்ணி ஒன்றையும் கழிக்கவில்லை. குட்டைக் கால்காரன், நிறம் மங்கியது, ஓடவே தெரியாதது என்று எல்லாம் அவள் லாயத்தில் நின்றன. லாயத்தில் மிச்சமிருந்த கடைசி இடத்தையும் நிறைத்துக்கொண்டு பிறந்தது மல்லி. வெள்ளைக் குட்டி, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும்.

"மதினி, இதுகள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? பந்தயத்துக்கும் ஆகாது, இணைக்கும் ஆகாது" என்றாள் தாமரை.

"சரியாப் பொறக்கலைன்னா தள்ளிவிட்டுரணுமா?"



மல்லி பிறக்குமுன்பே கார்முகில் என்ற குதிரை சினையாகியிருந்தது. அது ஈனும் நேரத்தில் லாயத்தில் இடம் காலியாக இல்லையென்றால் குட்டி தங்காது என்று திரையில் எழுத்து வந்தது. அதே வாரம் கண்ணிக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி, கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் கைப்பேசியைக் கணவனிடம் கொடுத்தாள். "என்னங்க, கார்முகில் இன்னைக்கு ஈனும். குட்டி தங்கணும். ஆனா ஒண்ணையும் வெளிய அனுப்பிராதீங்க. சத்தியம் பண்ணுங்க."

இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மயக்க மருந்துக்குப் போகிறவளிடம் வழக்காட அவனுக்கு மனம் வரவில்லை. சத்தியம் செய்தான்.

கதவு மூடியதும் மல்லியைச் சந்தையில் வைத்துப் பார்த்தான். வாங்க ஆளில்லை. சும்மா கொடுக்கிறேன் என்று போட்டான். பதிலில்லை. இதற்கிடையில் நர்ஸ் வந்து அழைத்தார். ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிருக்கு நல்லது என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். திரையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாமரை பார்த்திருக்க, பொத்தானை அழுத்தினான். மல்லி காலை இழுத்துக்கொண்டே பச்சைக்குள் போய் மறைந்தது. கார்முகில் ஒரு செவலைக் குட்டியை ஈன்றது.

கண்ணி கண் விழித்ததும் கர்ப்பப்பை போன செய்தியை அவனே சொன்னான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "லாயம்?" என்றாள்.

"குட்டி தங்கிருச்சு."

"எடம் ஏது?"

ஒரே நாளில் இரண்டாவது இழப்பைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "மல்லிய ஒரு பொண்ணு கேட்டுச்சு, திருச்சிப் பக்கம். இந்த மாதிரிக் குட்டின்னா அதுக்குப் பிரியமாம். குடுத்துட்டேன்."

சத்தியம் தவறியதற்கு அவள் கோபிக்கவில்லை. அன்று அவள் முகம் தெளிந்தது அப்போது ஒருமுறைதான்.

வீடு திரும்பித் தேறியதும் அந்தப் பெண்ணைத் தேடத் தொடங்கினாள். பெயர் மறந்துவிட்டது என்று நெடுமாறன் நழுவினான். முகம் தெரியாத ஆட்டக்காரர்களுக்கெல்லாம், 'என் மல்லி உங்க கிட்ட இருக்கா? சாப்பிடுதா?' என்று எழுதினாள். பலர் பதில் போடவில்லை. பிரியாணி போட்டாச்சு என்று ஒருவன் எழுதினான். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நெடுமாறன் பார்த்தும் பாராதவன்போல் வேலைக்குப் போய்வந்தான்.

"திருச்சிக்கே ஒருநாள் போய் விசாரிப்பமா தாமரை?" என்று அவள் கேட்டபோது, தாமரையால் தாங்க முடியவில்லை.

"தேடாதீங்க மதினி. அது எங்கயும் இல்ல. அண்ணன் புல்வெளிக்கு அனுப்பிருச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

கண்ணி அழவில்லை. கைப்பேசியை எடுத்து லாயத்தைத் திறந்தாள். குட்டைக் கால்காரன், நிறம் மங்கியது, கார்முகில் என்று ஒவ்வொன்றாகப் புல்வெளிக்கு அனுப்பினாள். கடைசியில் அந்தச் செவலைக் குட்டியையும் அனுப்பினாள். தாமரை தடுத்துப் பார்த்தாள், கண்ணியின் கை நிற்கவில்லை. சாயங்காலம் நெடுமாறன் வந்து வெறும் லாயத்தைப் பார்த்து, "என்ன கண்ணி இது?" என்றான். "சோறு வடிச்சு வச்சிருக்கேன், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பொய் சொல்லி அவளைத் தேற்றிய நெடுமாறன், உண்மையைச் சொல்லி உடைத்த தாமரை, லாயத்தையே காலி செய்த கண்ணி. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: நெடுமாறன் பொத்தானை அழுத்தியதில் பிழை இல்லை. நிறைவேறாத சத்தியத்தில் ஒரு பாதி உடைந்தே தீரும். மற்ற வழிகளை முயன்று பார்த்துவிட்டுத்தான் அவன் அதை உடைத்தான். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அவள் தேடத் தொடங்கிய அன்றே அவன் வாய் திறந்திருக்க வேண்டும். கண்ணியின் கோபம் நியாயமானது, ஆனால் அது விழுந்த இடம் தவறு. கோபத்துக்கு ஆளானவனோ சோறு தின்றான், அழிந்தவை குதிரைகள். ஆகவே சரியானதைச் செய்தவள் தாமரைச்செல்விதான். அதன் பிறகு அண்ணனும் மதினியும் அவளை வீட்டுக்கு வா என்று அழைக்கவே இல்லை.