'லுக் இன்டு' என்றால் என்ன?

செங்கரை ஜமீன் ராஜா திம்மப்பருக்கு இங்கிலீஷ் மேல் கொள்ளை ஆசை. கலெக்டர் துரையைப் பார்க்கப் போனவர், அவர் வாயிலிருந்து 'லுக் இன்டு' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினார். அன்று முதல் யார் என்ன குறையோடு வந்தாலும் மீசையைத் தடவியபடி, "லுக் இன்டு பண்றேன்!" என்பார். ஜனங்களும் ஏதோ வரம் கிடைத்ததாக நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மேலப்புத்தூர்க்காரர்களும் அப்படித்தான் போனார்கள். அவர்கள் ஏரியின் மதகு திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. ஏரி நிறையத் தண்ணீர். வயலில் நெற்பயிர் காய்கிறது. அரண்மனைத் தச்சன் போனால் அரைநாள் வேலை. மறுபடி வந்தார்கள், மறுபடியும் அதே வரம்தான். அரண்மனை விதூஷகர் சடையப்பருக்கு மனசு கேட்கவில்லை.

ஒருநாள் சபையில் ராஜா குஷியாக அறிவித்தார். "லுக் இன்டுக்குச் சரியான அர்த்தம் சொல்றவருக்குக் கேட்டது கிடைக்கும்!"

இங்கிலீஷ் உபாத்தியாயர் ஆரோக்கியசாமி எழுந்தார். "ஜன்னல் வழியா உள்ளே எட்டிப் பார்த்தாலும் லுக் இன்டுதான், மகாராஜா. ஒரு விஷயத்தைத் தீர விசாரிச்சாலும் லுக் இன்டுதான்."

"ரெண்டும் புத்தகத்துல இருக்கிற அர்த்தம்," என்றார் சடையப்பர். "ஊர்ல புழங்குற அர்த்தத்தை நான் சாப்பாட்டு வேளையில சொல்றேன்."

மதியம் ராஜா இலை முன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தால் சமஸ்தானத்துக்கே ஆகாது என்பது அந்த அரண்மனை வழக்கம். நெய் வாசனை வந்தது. சோறு வரவில்லை.

"எங்கேய்யா சோறு?"

சமையற்காரர், சடையப்பர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். "லுக் இன்டு பண்றோம், மகாராஜா."

"சடையப்பரே! சோறு வெந்துச்சா, இல்லையா?"

"அண்டா நிறைய இருக்கு, மகாராஜா. திறந்துவிடத்தான் ஆள் இல்லை."

எழுந்திருக்கவும் வழியில்லை, சாப்பிடவும் வழியில்லை. ராஜாவுக்குக் கண் சிவந்தது. "எவ்வளவு நேரம்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறது?"

"மேலப்புத்தூர்க்காரங்களும் இதைத்தான் கேட்கிறாங்க, மகாராஜா."

ராஜா வெற்று இலையைப் பார்த்தார். பசியிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலப்புத்தூருக்கு அவர் அனுப்பிய தச்சனின் வண்டி கோட்டை வாசலைத் தாண்டிய பிறகுதான் அண்டாவின் மூடி திறந்தது.

வயிறு நிறைந்ததும் ராஜா சொன்னார்: "அர்த்தம் நல்லாவே புரிஞ்சுது. என்ன வேணும், கேளும்."

"ஒரு காணி நஞ்சை நிலம், மகாராஜா."

பழக்கதோஷம், கை மீசைக்குப் போனது. "லுக் இன்..."

சடையப்பர் சடாரென்று காலில் விழுந்தார். "முடியாதுன்னே சொல்லிடுங்க, மகாராஜா! உங்களை இன்னொரு வேளை பட்டினி போட எனக்கு மனசு வராது!"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்பே நஞ்சை சடையப்பர் பேருக்கு மாறிவிட்டது.