குழாயைப் பிடித்த காப்பு

அந்தக் காலத்தில் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்தது. மனிதர்களைவிட அவைதான் அதிகம் பேசின என்றுகூடச் சொல்லலாம்.

உவர்க்காடு என்ற ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். பால் மறந்த குழந்தைகளால்தான் தாங்க முடியவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல், நாளுக்கு நாள் மெலிந்து இறந்துபோயின.

மேற்கே மலையில் ஒரு நல்ல சுனை இருந்தது. ஊரார் போய்க் கெஞ்சினார்கள். சுனை ஒரு நிபந்தனை போட்டது.

"வருகிறேன். ஆனால் வழியில் ஒரு சொட்டும் மண்ணில் விழக்கூடாது. குழந்தைகளுக்கு என்று கேட்டு வாங்கிவிட்டு என்னை மண்ணில் சிந்தினால் எனக்குப் பொறுக்காது. இரண்டு தடவை பார்ப்பேன். மூன்றாவது தடவை சிந்தினால் பாறைக்குள் போய்விடுவேன்."

ஊரில் செம்பு, பித்தளை வேலை செய்யும் சங்கையா என்றொரு கன்னார் இருந்தார். அவர் செம்புத் தகட்டைச் சுருட்டி, மலையிலிருந்து இறங்கி வர ஒரு குழாயும் ஊருக்குள் கொண்டுபோக ஒரு குழாயும் செய்தார். கீழ்க்குழாயின் வாயில் நட்டைத் திருகி ஏற்ற மரை வெட்டினார். மேல்குழாயின் முனை அதற்குள் நுழையும். பித்தளை நட்டு ஒன்று இரண்டையும் சேர்த்துப் பூட்டும்.

நட்டுக்கு அப்போதெல்லாம் வாய்க்கொழுப்பு அதிகம். "நான் ஒருத்தன் போதும். இறுக்கிவிட்டுப் பேசாமல் இரு" என்றது.

சங்கையா இறுக்கினார். சுனை இறங்கி வந்தது. நட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தது. தண்ணீருக்கு அது போதாதா? சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

"ஒன்று" என்றது சுனை. வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டது.

மெழுகை அப்பலாம் என்றால் வெயிலில் உருகிவிடும். சங்கையா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இருளாயி வந்தாள். போன மாசியில் மகளைப் பறிகொடுத்தவள். மடியிலிருந்து இரண்டு சின்னப் பித்தளைக் காப்புகளை எடுத்தாள்.

"அண்ணே, இது எம்மக கையில கெடந்தது. அந்த இடுக்குல வச்சுப் பாருங்க."

"வேணாம் தாயி. ஒனக்குன்னு மிச்சம் இருக்குறது இதுதான."

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் வயித்தால போகுது அண்ணே. ராத்திரியெல்லாம் அழுகுது. அதக் கேட்டுக்கிட்டு இத மடியில வச்சிருக்க முடியல."

சங்கையா ஒரு காப்பைக் குழாயில் மாட்டி நட்டை இறுக்கினார். ஓரிடத்தில் காப்பு கிறீச்சென்று குரல் கொடுத்து, "போதும், பிடித்துக்கொண்டேன்" என்றது. சங்கையாவுக்கும் காதில் விழுந்தது. ஆனால் மனசில் பயம். மறுபடி சிந்திவிட்டால் என்ன செய்வது? நட்டு வேறு, "இன்னும், இன்னும்" என்று தூண்டிவிட்டது. நல்லதுக்குத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் திருகினார். காப்பு நசுங்கி விரிசல் விட்டது. குழாயும் நெளிந்தது.

திறந்துவிட்ட தண்ணீர் அந்த விரிசல் வழியாகவே ஒழுகியது.

"இரண்டு" என்று சொல்லிவிட்டுச் சுனை திரும்பிப் போனது.

சங்கையா உடைந்துபோனார். "எங் கை சரியில்ல தாயி. எம்பயந்தான் அத நசுக்கிருச்சு. இன்னொன்னக் கேக்க எனக்கு வாயில்ல."

இருளாயி மிச்சமிருந்த காப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதனிடமே கேட்டாள். "ஒனக்குச் சம்மதமா? போனா நீ திரும்பி வரமாட்ட."

காப்பு சொன்னது: "அம்மா, அந்தக் கையில் நான் இறுக்கமாகத்தான் இருந்தேன். கை மெலிய மெலியத் தொளதொளத்துப் போனேன். கடைசியில் ஒருநாள் தானாகவே கழன்று பாயில் விழுந்தேன். பிடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டேனே என்ற துக்கம் எனக்குள் அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை கழலமாட்டேன். நான் குரல் கொடுத்ததும் நிறுத்தச் சொல்."

சங்கையா நசுங்கிய காப்போடு சேர்த்து நெளிந்த முனையை வெட்டி எடுத்தார். காப்பை மாட்டினார். நட்டைக் கையால் திருகி, பிறகு குறடால் மெதுவாக நகர்த்தினார். இந்தத் தடவை நட்டும் வாயைத் திறக்கவில்லை. இருளாயி குழாயை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

கிறீச்சென்றது.

சங்கையாவின் கை இன்னும் ஒரு திருகு போடத் துடித்தது. இருளாயி அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "போதும் அண்ணே. அது பிடிச்சுக்கிருச்சு."

அவர் குறடைக் கீழே வைத்துவிட்டார்.

சுனை இறங்கி வந்தது. இருளாயி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, இணைப்பைச் சுற்றித் தடவினாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். சுனை மூன்று என்று சொல்லவே இல்லை. கீழே ஊரில், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு யாரோ முதல் மடக்கு நல்ல தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான், குழாய் இணைப்பில் நட்டுக்குள் இருக்கும் பித்தளை வளையம் ஒரு தடவை குழாயைப் பிடித்துவிட்டால் கழலுவதே இல்லை. நட்டைக் கழற்றினாலும் அது குழாயை விடாது. குழாயோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு வேறு வளையம்தான் போட வேண்டும். கிறீச்சென்ற குரலைக் கேட்டதும் குழாய் வேலைக்காரர் கையை நிறுத்துவதும், தண்ணீரைத் திறந்துவிட்டு இணைப்பைச் சுற்றிக் காய்ந்த விரலால் ஒரு தாயைப்போலத் தடவிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.