பேச்சியின் லீவ் லெட்டர்

“அக்கா, எல்லாரும் எப்படி லீவு எடுக்கிறாங்க?” என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

“லீவ் லெட்டர் எழுதித்தான்,” என்றாள் நஸ்ரின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் அது. கோயம்புத்தூரில் இருந்தது. எந்த நோயாளி எந்தக் கிழமை வர வேண்டும் என்று அந்த மென்பொருள்தான் முறை வைக்கும். நஸ்ரின் அங்கே டீம் லீட். பேச்சி சேர்ந்து ஐந்து மாதம் இருபது நாள். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். இந்த வேலை போய்விடக் கூடாது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஊர்ல கோயில் கொடைத் திருவிழா. அம்மா தெனமும் போன் போட்டு அழுறா. என்னால போக முடியாதுக்கா.”

“நான் போகாதேன்னு சொன்னேனா?”

“இல்ல.”

“வேற யாரு சொன்னா?”



நஸ்ரின் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். “மூணு நாள் லீவு எழுது. நீ இல்லாதப்ப நாங்க என்னென்ன பார்த்துக்கணும்னு கீழ எழுது. ஒண்ணு விடாம.”

மூன்று வரி சட்டென்று வந்தது. நான்காவது வரியில் பேனா நின்றது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து எழுதினாள்.

‘தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, கீழே உள்ள ஒன்பது நோயாளிகளின் கிழமை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.’

நஸ்ரின் படித்தாள்.

“நீ விடியக்காலம் வர்றது இதுக்குத்தானா? உன்னை மாதிரி சுறுசுறுப்பு யாருக்குமில்லன்னு வாட்ச்மேன் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு.”

பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒருநாள் மையத்துல இருந்து கூப்பிட்டாங்க. 217-ம் நம்பர் நோயாளியைச் செவ்வாய்க்கு மாத்தணும், ரெண்டு மணி நேரத்துல வேணும்னாங்க. நான் அந்த நம்பரையே புரோகிராம்ல எழுதி வெச்சுட்டேன். 217 வந்தா செவ்வாய்னு. வேலை செஞ்சுது. நீங்ககூட பாராட்டினீங்க.”

“ஆமா. பாராட்டினேன். அப்புறம்?”

“அப்புறம் இன்னொருத்தர். இப்ப ஒன்பது பேர். யாராவது வேற எதையாவது மாத்தினா, இவங்க கிழமை திங்களுக்குத் தாவிடுது. தெனமும் காலைல நான்தான் திருத்துறேன். ஒருநாள் பார்க்காம விட்டா, ஒரு மனுசனுக்கு டயாலிசிஸ் தப்பிப் போயிரும்.”



“என்னை வேலையை விட்டு எடுத்துருவாங்களா அக்கா?”

நஸ்ரின் தாளிலிருந்து நிமிர்ந்தாள். “ஏன் செவ்வாய்?” என்று கேட்டாள்.

“அவங்க கேட்டாங்க.”

“ஏன் கேட்டாங்க?”

“தெரியாதுக்கா.”

நஸ்ரின் மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினாள்.

மையத்தில் எடுத்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

“அவங்க எல்லாம் மலைக்காரங்க, கண்ணு. ஒன்பது பேருக்கும் ஒரே வேன். செவ்வாய், வியாழன், சனி, இந்த மூணு நாள்தான் அது கீழ இறங்கும். அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

பேச்சி போனை வைத்தாள். தாளில் எழுதிய ஒன்பது எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஒரு வேன்,” என்றாள் மெல்ல. “பேருக்குப் பக்கத்துல வண்டின்னு ஒரு கட்டம் போட்டா போதும்க்கா. அது வர்ற நாளைப் பார்த்து புரோகிராமே முறை வெச்சுக்கும். நம்பரெல்லாம் எடுத்துடலாம்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு வாரம்.”

“ஊருக்குப் போய்ட்டு வந்து அதை மட்டும் செய். புது வேலை எதுவும் தொடாதே.”

“என் வேலை…”

“வெளிய அனுப்பப் போற ஆளுக்கு யாராவது அடுத்த வாரத்து வேலையைக் குடுப்பாங்களா?”

நஸ்ரின் அந்தத் தாளின் நான்காவது வரிக்குக் கீழே ‘நாளை முதல், காலை ஏழு மணி: நஸ்ரின்’ என்று எழுதினாள். எழுந்து போய் அதை அறிவிப்புப் பலகையில் குத்தினாள்.

“அக்கா, எல்லாரும் படிப்பாங்களே!”

“படிக்கத்தான்.”

பேச்சி அன்று மாலையே ரயில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை காலை, கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பினாள். பலகைக்கு நேராகத்தான் போனாள்.

ஒன்பது எண்களுக்கும் நேராகப் பச்சை மையில் மூன்று மூன்று டிக். ஓரத்தில் நேரம்: 6.55, 7.00, 6.50. நஸ்ரின் அக்கா வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே கண் கலங்கியது.

அப்புறம்தான் பக்கத்தில் இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்தாள். வேறு வேறு கையெழுத்து.

‘வெள்ளிதோறும் பழைய பதிவுகளை நான் கையால் நீக்குகிறேன். நீக்காவிட்டால் சர்வர் நின்றுவிடும். — வின்சென்ட்.’

‘மாதக் கடைசி அறிக்கையில் ஒரு எண் எப்போதும் தவறாக வரும். அனுப்பும் முன் நானே திருத்திவிடுகிறேன். நான்கு வருடமாக. — ஜெயசீலன்.’

ஜெயசீலன் அங்கே எல்லோருக்கும் சீனியர். லீவே எடுக்காதவர். பேச்சி அவரிடம் பேசவே பயப்படுவாள்.

இப்போது அவர் டீ கிளாஸோடு அவள் பின்னால் நின்றிருந்தார்.

“ஏம்மா, அந்த வேன் வேலை எப்ப முடியும்?”

“ஒரு வாரத்துல சார்.”

“அடுத்தது என்னோடது. இந்த மாசக் கடைசியில எம் பொண்ணு ஸ்கூல்ல ஆண்டு விழா. இந்தத் தடவையாவது போகணும்.”