முள்ளம்பன்றி வாங்கிய கரண்ட் கார்

ஏழுசுனைக் காட்டில் வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள் புருஷன் பெயர் ஈட்டியப்பன். இருவரும் மலையடிவாரத்தில் கிழங்கு தோண்டி, குளத்தங்கரைச் சந்தையில் கடை போட்டு விற்றார்கள். வேலாயியின் கிழங்குக்குக் காட்டில் ஒரு மதிப்பு உண்டு. காட்டுப்பன்றிகள் மற்ற கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அவளிடம்தான் வரும்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் வேலாயிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மூட்டையோடு சந்தை வரை நடக்க முடியவில்லை.

"கடையை மூடிட்டு எங்க வளைக்கு வந்துடும்மா. உக்காந்து சாப்பிடலாம்" என்று மலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மகன் சொல்லி அனுப்பினான்.

நல்ல பிள்ளைதான். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற நினைப்பே வேலாயிக்குப் பிடிக்கவில்லை. சந்தை இரைச்சலும், பேரம் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் இல்லாமல் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. கடை நிலைக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு வண்டி வேண்டும்.

அந்தக் காட்டில் வண்டிக் கடை வைத்திருந்தது ஒரு நரி. நரி என்றதும் ஏமாற்றுப் பேர்வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது, வண்டி வாங்கியவர்கள் முகத்தில் மறுநாளும் விழிக்க வேண்டுமே என்று பயந்து வியாபாரம் செய்யும் நரி. அருவித் தண்ணீரில் கரண்ட் எடுத்து, அதில் ஓடும் கார்களை விற்றுவந்தது. அப்போது கடையில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று பின்பக்கம் வெட்டிவிட்டது போலக் குட்டையாக இருந்தது. இன்னொன்று முன்னும் பின்னும் நீண்டு, பெரிய டிக்கியோடு, பளபளவென்று படுத்திருந்தது.

"ரெண்டும் நல்ல வண்டிதான் அக்கா. ஆனா ஒண்ணு எடுத்தா எடுத்ததுதான். திருப்பி வாங்கிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றது நரி.

வேலாயி இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள். அதற்குள் செய்தி பரவி, வேலை இல்லாதவர்களும் வேலையை விட்டவர்களும் கடைவாசலில் கூடிவிட்டார்கள்.

"நீளமானதை எடு வேலாயி" என்றது கரடி. "சின்னதுல நான் ஏறிப் பாத்தேன். இடுப்பு மாட்டிக்கிட்டு, என்னை இழுத்து எடுக்க ரெண்டு பேர் வேண்டியதாப் போச்சு."

"அந்த டிக்கியைப் பாரும்மா" என்றது மயில். "தோகையை நீட்டி வெச்சா ஒரு பீலிகூட மடங்காது. குட்டை வண்டில கதவைச் சாத்தினா எல்லாம் முறிஞ்சிடும்."

"சின்னதுதான் நல்லது. புதருக்குள்ள புகுந்து போகலாம்" என்று முயல் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முயல் எப்போது எதைச் சொன்னாலும் அப்படித்தான்.

"நீங்க முள்ளு இருக்கிறவங்க" என்று கரடி மறுபடி ஆரம்பித்தது. "உங்களுக்கு இடம் தாராளமா வேணும். நாலும் யோசிச்சுத்தான் சொல்றேன்."

ஈட்டியப்பன் பலமாகத் தலையாட்டினான். அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மனைவியை ஓரமாக அழைத்து, "ஏம்மா, சம்பந்தி வீட்டு வாசல்ல போய் இந்தக் குட்டி வண்டியிலேர்ந்து இறங்கினா நல்லாவா இருக்கும்? பெரிசுன்னா ஒரு தடவ சார்ஜ் போட்டா மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நிக்காம போகுமாம்" என்றான்.

"சம்பந்தி வீட்டுக்கு நாம வருஷத்துக்கு ஒரு தடவதானே போறோம்?"

"அந்த ஒரு தடவைதானே எல்லாரும் பாப்பாங்க?"

வேலாயி திரும்பி அந்த நீளமான காரைப் பார்த்தாள். இத்தனை பேர் சொல்லும்போது தான் மட்டும் என்ன கண்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. நரிதான் குறுக்கே வந்தது.

"ஆளுக்கொரு பேச்சு பேசுறது இருக்கட்டும் அக்கா. ரெண்டையும் ஒவ்வொரு நாள் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. தினமும் போற பாதையிலேயே போங்க."

முதல் நாள் நீளமான காரை எடுத்தார்கள். டிக்கியில் கிழங்கு மூட்டைகளை வைத்த பிறகும் பாதி இடம் மிச்சம் கிடந்தது. இருக்கை மெத்தென்று இருந்தது. ஏரிக்கரைச் சமவெளியில் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஈட்டியப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தான். தெரியாதவர்களுக்கும் அசைத்தான். வேலாயிக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

சமவெளி முடிந்து மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும்தான் வினை ஆரம்பித்தது. அங்கே பாதை ஒடுக்கமானது. முதல் வளைவில் வண்டியின் மூக்கு திரும்பிவிட்டது, வால் திரும்பவில்லை. பின்னால் எடுத்தால் மூங்கில் இடித்தது. முன்னால் விட்டால் பாறை இடித்தது. எப்படியோ ஒடித்துத் திருப்பினால், அடுத்து வந்தது கரையான் புற்று. தாழ்ந்த வண்டி அதன் மேல் ஏறியபோது அடிவயிற்றில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ!" என்றாள் வேலாயி.

அவ்வளவுதான். அவள் உடம்பிலிருந்த முள் அத்தனையும் சிலிர்த்து எழுந்தது. அதைப் பார்த்து ஈட்டியப்பனுக்கும் எழுந்தது. இருவர் முள்ளும் கூரைத்துணியில் குத்தி மாட்டிக்கொண்டன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கதவைத் திறக்க முடியவில்லை. பின்னால் வந்த காட்டெருமைகள் வழிவிடச் சொல்லிக் கத்தக் கத்த, முள் இன்னும் விறைத்தது. ஒருவழியாகப் படபடப்பு அடங்கி முள் படிந்து, அவர்கள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது காட்டுப்பன்றிகள் வேறு கடையில் வாங்கித் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன.

மாலையில் நரி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. கூரைத்துணி சல்லடையாகக் கிடந்தது. நரியின் முகம் ஒரு கணம் சுருங்கிப் போனது. ஆனாலும், "போகட்டும் அக்கா, துணிதானே. மாத்திக்கலாம்" என்றது.

வளைக்குத் திரும்பியதும் ஈட்டியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அவ்வளவு பெரிய வண்டியிலேயே நமக்கு இடம் பத்தல. சின்னதுல ஏறினா முள்ளு கூரையைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும். நம்ம ஜாதிக்கு வண்டியே ஒத்து வராது வேலாயி. பேசாம பையன் வீட்டுக்குப் போயிடலாம்."

வேலாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மருமகள் போடும் கிழங்கைத் தின்றுவிட்டு, மகன் வளையின் மூலையில் கால் நீட்டிக்கொண்டு, சந்தையில் இன்று யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று தெரியாமல் கிடக்கப் போகிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சின்ன வண்டியையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுவோம்."

"பாக்க என்ன இருக்கு? கண்ணாலதான் பாத்தியே."

"ஓட்டிப் பாக்கலியேங்க. நாளைக்கு ஒரு நாள். அப்புறம் நீங்க சொல்ற இடத்துக்கு வரேன்."

மறுநாள் ஈட்டியப்பன் பலிக்குப் போகிற ஆடு மாதிரி சின்னக் காரில் ஏறினான். ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூட்டைகளைப் பின்னால் அடுக்கியதில் கடைசி மூட்டை உள்ளே போகாமல், அவன் மடியில்தான் உட்கார்ந்தது.

வண்டி கிளம்பியது. சமவெளியில் கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போட்டது. நேற்றைய சுகம் இதில் இல்லை என்பதை வேலாயி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். மூங்கில் காடு வந்தது. முதல் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாள், வண்டி சட்டென்று திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. கரையான் புற்றுக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் போக இடம் இருந்தது. எதிரே வந்த காட்டெருமைக்கு ஓரம் கட்டி வழியும் விட்டாள்.

"இன்னும் மூங்கில் காடு வரலியா?" என்றான் ஈட்டியப்பன், கண்ணைத் திறக்காமலே.

"தாண்டி வந்தாச்சுங்க."

அவன் கண்ணைத் திறந்தான். எதிரே குளம் மின்னியது. பன்றிகள் அப்போதுதான் வந்து கடைக்கு முன்னால் மூக்கைத் தூக்கி நின்றன. அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. தன் முதுகைத் தடவிப் பார்த்தான். முள் எல்லாம் எண்ணெய் தடவி வாரிய முடி போலப் படிந்து கிடந்தது.

"இது எப்படி? அதைவிட இது எவ்வளவு சின்னது!"

வேலாயியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"நம்ம வளை எவ்வளவு பெருசுங்க? முதுகோட முதுகு ஒட்டித்தானே இத்தனை வருஷமும் தூங்கறோம். என்னிக்காவது உங்களைக் குத்தியிருக்கேனா?"

"முள்ளால குத்தினதில்ல" என்றான் ஈட்டியப்பன் ஜாக்கிரதையாக.

"இடம் பத்தாம நமக்கு முள்ளு எந்திரிக்காது. பயந்தாத்தான் எந்திரிக்கும். அந்த வண்டியில வளைவுக்கு வளைவு உயிர் போய் உயிர் வந்துச்சு. இதுல நான் பயப்படவே இல்ல. கரடிக்கு இடுப்பு பெருசு, மயிலுக்குத் தோகை பெருசு. அவங்க அவங்களுக்கு வேணுங்கிறதைச் சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு நாம கடையையே மூடப் பாத்தோமே."

ஈட்டியப்பன் தலையாட்டினான். ஆனாலும் மடியில் மூட்டை வைத்து வந்ததில் தொடை மரத்துப் போனதை மட்டும் சொல்லிக் காட்டினான். அன்று மாலையே சின்னக் காரை எடுத்தார்கள். நீளமான காருக்கு நரி புதுக் கூரைத்துணி போட்டது. மயில் அதை வாங்கி, தோகையை டிக்கியில் நீட்டிக்கொண்டு ஏரிக்கரைச் சமவெளியில் காலையும் மாலையும் வலம் வந்தது. மயிலுக்கு மூங்கில் காட்டில் என்ன வேலை? அதற்கு அந்தக் கார்தான் சரி.

திருவிழா வந்தபோது வேலாயியும் ஈட்டியப்பனும் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார்கள். சின்ன வண்டிக்குப் பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால், அருவிக்கரையில் நிறுத்தி சார்ஜ் போட வேண்டியிருந்தது. இறங்கும்போது ஈட்டியப்பன் முணுமுணுத்தான். பிறகு கால்களைத் தண்ணீரில் விட்டு, சுட்ட கிழங்கு நாலைத் தின்று, மர நிழலில் குட்டித் தூக்கம் போட்டான். சார்ஜ் ஏறிவிட்டது என்று வேலாயி எழுப்பியபோது, "அதுக்குள்ளயா?" என்று சலித்துக்கொண்டான். சம்பந்தி வீட்டில் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. கிழங்கு மூட்டையைத்தான் பார்த்தார்கள்.

வேலாயியின் கடை முன்னைவிட நன்றாக நடந்தது. முழங்கால் வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் அதை நினைக்க அவளுக்கு நேரம் இல்லை. ஒருநாள் கிழங்கு வாங்க வந்த கீரி, அவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா, நானும் ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன். சின்னது நல்லதா, பெரிசு நல்லதா?"

சுற்றி நின்ற கரடி, பன்றி எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. ஈட்டியப்பனும், "சின்னதுதான், சந்தேகமே வேண்டாம்" என்று ஆரம்பித்தான். வேலாயி அவன் வாயில் ஒரு கிழங்கைத் திணித்தாள். பிறகு கீரியின் பக்கம் திரும்பி, நிதானமாகக் கேட்டாள்.

"தம்பி, நீ தினமும் எந்தப் பாதையில போவே? அந்தப் பாதையில உனக்கு எங்க பயம் வரும்? அதை முதல்ல சொல்லு."

எதை வாங்குவதானாலும் ஊரார் சொல்வதை அளவாக வைக்காமல், நாம் அன்றாடம் போகும் பாதையையும் நம் மனம் பதறும் இடத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.