லூசியாவின் நான்கு கண்கள்

கல்வேரோ என்ற இத்தாலிய மலையூரில் நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. அதன் சிறு கோயிலில், பீடத்துக்குப் பின்னால், ஒரு பெரிய மரப்பலகை ஓவியம். கண்நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித லூசியா அதில் நின்றாள். முகத்தில் இரண்டு கண்கள். கையில் ஏந்திய தட்டில், கொடியவர்கள் பிடுங்கியதாகச் சொல்லப்படும் இன்னும் இரண்டு.

முகத்தைக் குரு எழுதுவார், உடைகளைச் சீடர்கள் எழுதுவார்கள். அதுதான் அதை எழுதிய ஓவியப் பட்டறையின் வழக்கம். ஆனால் குரு நிக்கோலோ அந்த நான்கு கண்களை மட்டும் ஓர்சோலாவிடம் கொடுத்திருந்தார். அவள் கைம்பெண். நாற்பது வயதுக்குமேல் தூரிகை பிடித்தவள். தன்னைவிட மூத்தவள் என்பதால் குரு அவளை அம்மா என்றே அழைப்பார்.

தவக்காலத்தில் ஒரு காலை, இல்லத்துக் கன்னியாஸ்திரி அக்னேஸ் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"புனிதையின் கண்களை யாரோ சுரண்டிவிட்டார்கள். நான்கையும்."

வண்ணம் அரைத்துக்கொண்டிருந்த ஓர்சோலாவின் அரைகல் நின்றது.

"மற்ற இடமெல்லாம்?" என்றார் குரு.

"அப்படியே இருக்கிறது. இவள் தொட்ட இடம்தான் போயிருக்கிறது. பெண்பிள்ளை கண் திறந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள் ஊரில். செய்த கையை மணிக்கட்டோடு வெட்டுவதாக ஊர்ச்சபையில் முடிவு. ஆள் அகப்படாவிட்டால் யார் கையைத் தேடுவார்களோ." அக்னேஸ் ஓர்சோலாவின் கையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

ஓர்சோலா கையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, படத்துக்கு முன்னால் கம்பி அடித்துவிடலாமே."

"முதலில் யார் என்று பாருங்கள்."

"பார்த்தால் சொல்ல வேண்டி வருமே."

"பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன்."

உச்சிவேளையில் கன்னியர்கள் சாப்பிடப் போவார்கள். ஓர்சோலா தூணுக்குப் பின்னால் காத்திருந்தாள். ஒருத்தி வந்தாள். இடுப்பில் ஆறேழு வயதுப் பெண்குழந்தை, கண்களில் துணிக்கட்டு. குழந்தையைக் கீழே உட்கார்த்திவிட்டு, பாதிரியார் மட்டுமே தொடும் அந்தப் பீடக்கல்லின் மேலேயே ஏறினாள். புனிதையின் கண்குழியில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள். கிண்ணத்துத் தீர்த்தத்தில் உதிர்த்தாள்.

"குடி."

"நேத்து குடிச்சதே வயித்த வலிக்குதும்மா."

"நோவு இறங்குது, அதான். லூசியம்மா கண்ணுடி இது. முழுங்கு."

ஓர்சோலா அதுவரை தன் கைக்காகத்தான் பயந்திருந்தாள். இப்போது அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பட்டறைக்கு ஓடினாள்.

"ஐயா, குடிக்கிறது."

"எது?"

"ஒரு குழந்தை. நான் எழுதிய கண்ணை."

குரு எழுந்தார். "வெள்ளைக்கு என்ன போட்டீர்கள்?"

"ஈயவெள்ளை."

"கண்மணிக்கு?"

"மினுங்கட்டும் என்று..." அவள் வண்ண அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அரிதாரம்."

அரிதாரம் என்கிற அந்த மஞ்சள் பாஷாணக்கல்லை அரைக்கிற நாளில் பட்டறையில் எல்லோரும் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்கள்.

"ஊரைக் கூட்டி, நஞ்சு என்று சொல்லிவிடுகிறேன்."

"அந்தத் தாயின் கையை வெட்டுவார்கள். புனிதையின் கண்ணில் நஞ்சு வைத்தவள் என்று உங்களை எரிப்பார்கள்."

"எனக்கு ஆனது ஆகட்டும்."

"ஆன பிறகும், நம்பாத ஒருத்தி ராத்திரி வந்து சுரண்டுவாள்." குரு கூடையிலிருந்து முட்டைகளை எடுத்தார். "கரியும் சுண்ணக்கல்லும் எடுத்து வாருங்கள். பால் கிடைத்தால் அதுவும்."

அவர்கள் கோயிலுக்குப் போனபோது குழந்தை தரையில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வாந்தி. தாய் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

குரு தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு முட்டையை உடைத்தார். மஞ்சள்கருவை உள்ளங்கையில் நிறுத்தி, வெள்ளைக்கருவை விரலிடுக்கு வழியாகக் கிண்ணத்தில் இறக்கினார்.

"லூசியாவுக்கு என்று கொண்டுவந்த முட்டை, தாயே. பாதி உன் மகளுக்கு. பாலோடு கொடு. அந்தக் கண்ணிலிருந்து இனி ஒரு துளிகூட வேண்டாம். அதுதான் இவள் வயிற்றைக் கெடுத்தது."

தாய் கிண்ணத்தை வாங்கிப் புகட்டினாள்.

குரு கத்தியால் மிச்ச வண்ணத்தையெல்லாம் வழித்து ஒரு துணியில் முடிந்தார். மஞ்சள்கருவில் சுண்ணக்கல் பொடியையும் விளக்குக்கரியையும் குழைத்தார். தூரிகையை ஓர்சோலாவிடம் நீட்டினார்.

"நானா?"

"உங்கள் கண்கள்தானே."

அவள் எழுதி முடித்தபோது மாலை மணி அடித்தது. குழந்தை தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக இருந்தது.

அக்னேஸ் உள்ளே வந்தாள். முட்டை ஓட்டைப் பார்த்தாள். தாயின் நகங்களைப் பார்த்தாள். நிமிர்ந்து லூசியாவைப் பார்த்தாள்.

"சபையாருக்கு என்ன சொல்வீர்கள், சகோதரி?" என்றார் குரு.

"கண் போன இடத்தில் கண் இருக்கிறது என்பேன். மற்றதெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் பார்வை மங்கித்தான் வருகிறது." அவள் ஈரத்துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனாள்.

ஓர்சோலா புதிய கண்களைப் பார்த்தாள்.

"ஒளியே இல்லை, ஐயா."

"இல்லை."

"மறுபடியும் சுரண்டுவார்கள்."

"சுரண்டட்டும். அதில் இருப்பது முட்டையும் கரியும் கல்லும்."

"அந்தக் குழந்தைக்குப் பார்வை வருமா?"

குரு லூசியாவின் மேலங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்சோலா விளக்கை அருகே கொண்டுபோனாள். முழங்காலருகே, பச்சையில், நூல்போல ஒரு நகக்கீறல். புதிது.

"பச்சைக்கு என்ன?" என்றார் குரு.

"செம்புக் களிம்பு."

"உள்ளாடைச் சிவப்புக்கு?"

"சாதிலிங்கம். பாதரசம் அதில்..." அவள் விளக்கைக் கீழே வைத்தாள். பலகை அவளுக்கு மேலே இருட்டுக்குள் உயர்ந்துகொண்டே போயிற்று. "எதுவரைக்கும் வழிக்க வேண்டும், ஐயா? ஓர் ஆளின் கை எட்டும் உயரம் வரைக்கும் போதுமா?"

"பயந்தவர்களின் கை எவ்வளவு எட்டும் என்று எனக்குத் தெரியாது, அம்மா," என்றார் குரு. "மேலிருந்து ஆரம்பியுங்கள்."