சிலம்பாயியின் மூன்று பெருமூச்சு

முன்னொரு காலத்தில், ஆற்றின் இருகரைக்கும் ஒரே ஓடம் போதுமாயிருந்த நாளில், வெண்கோட்டு நாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் நடுவே அகன்றதோர் ஆறு ஓடிற்று. ஆற்றில் ஓடம் விட்டவன் மாடப்பன். அவன் மனைவி சிலம்பாயி; கடைத்தெருவில் ரவிக்கையும் சட்டையும் குடைத்துணியும் தைத்துக் கொடுப்பவள். அவன் துடுப்பும் இவள் ஊசியும் காலையில் ஒன்றாகத் தொடங்கும். மாலையில் ஒன்றாக ஓயும்.

அந்நாட்டின் மலைக்குகையில் சாம்பலூதி என்னும் மந்திரவாதி வாழ்ந்துவந்தான். அவனுக்குச் சோறு வேண்டாம், நீர் வேண்டாம். மனிதர் விடும் பெருமூச்சே அவனுக்கு உணவு. எந்த வீட்டில் கவலையோ அந்த வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொள்வான்; உள்ளிருந்து வரும் மூச்சை வாய்திறந்து விழுங்குவான்; வயிறு ஒரு விரல் பருத்ததும் எழுந்து போவான். மூச்சைப் பறிகொடுத்தவர் நெஞ்சில் பாரம் அப்படியே நின்றுவிடும். எத்தனை முறை பெருமூச்சு விட்டாலும் இறங்காது.

ஒரு சந்தை நாளில் சாம்பலூதி ஆற்றங்கரைக்கு வந்தான். ஓடம் நிரம்பியிருந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டுத் தன்னை மட்டும் ஏற்றிச் செல்லும்படி கட்டளையிட்டான். மாடப்பன் கைகூப்பி, முன்னே ஏறியவரை இறக்கும் வழக்கம் தனக்கில்லை என்றும், அடுத்த நடைக்குச் சாமிக்கே முதல் இடம் என்றும் பணிவாகச் சொன்னான். சொல்லிவிட்டு ஓடத்தைத் தள்ளினான்.

சாம்பலூதி கரையில் காத்திருந்தான். ஓடம் திரும்பி வந்ததும் கைப்பிடிச் சாம்பலை எடுத்து மாடப்பன் முகத்தில் ஊதினான். துடுப்பு விழுந்தது, வேட்டி விழுந்தது, அவன் நின்ற இடத்தில் சாம்பல்நிறக் கொக்கு ஒன்று நின்றது. அதன் உச்சியில் நீளமாய் மூன்று வெள்ளை இறகுகள்.

செய்தி கேட்டு ஓடிவந்த சிலம்பாயியிடம் சாம்பலூதி சொன்னான்:

"உன் புருஷன் என்னைக் காக்க வைத்தான். அதனால் நீ காத்திரு. நாற்பதாம் நாள் சூரியன் இறங்கும்வரை இந்தக் கரையை விட்டு நகராதே. நீ ஒரு பெருமூச்சு விட்டால் ஓர் இறகு உதிரும். துக்கத்தில் விட்டாலும் சரி, சந்தோஷத்தில் விட்டாலும் சரி. அதுவரை ஓர் இறகாவது மிஞ்சினால் அவன் மறுபடி மனிதன். மூன்றாவது இறகும் உதிர்ந்தால் அவன் என்றைக்கும் கொக்குதான்."

இக்கதையை நாற்பது நாள் என்று சொல்வாரும் உண்டு, நாற்பத்தெட்டு நாள் என்று சொல்வாரும் உண்டு. நாள் எத்தனையாயினும் பெருமூச்சு மூன்றுதான். அதில் எவரிடத்தும் மாறுபாடில்லை.

சிலம்பாயி கடையிலிருந்து மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் செய்து, கரையிலே போட்டு, அதன்மேல் அமர்ந்தாள். தைக்கும்போது அவள் வழக்கமாக உட்காரும் மூட்டை அது. உள்ளே இருந்தவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வெட்டுத்துணிகள். கொக்கு எதிரே நீரில் ஒற்றைக்காலில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. முதல்நாள் இப்படிக் கழிந்தது. இரண்டாம் நாளும் கழிந்தது. சும்மா கிடந்த கைகள் மடியில் கனத்தன. மூன்றாம் நாள் நடுப்பகலில், தான் அறியாமலே, அவள் நெஞ்சு நிறைந்து ஒரு பெருமூச்சு வெளிப்பட்டது.

ஓர் இறகு உதிர்ந்து நீரில் மிதந்து அவள் காலடிக்கு வந்தது.

அவள் அந்த இறகை ஈரம் படாமல் சுற்றிவைக்கத் துணி தேடினாள். மூட்டையின் வாயைத் தளர்த்திக் கையில் அகப்பட்ட துண்டை உருவினாள். அது வண்ணாத்தி ஒருத்தியின் ரவிக்கையில் அக்குளுக்காக வெட்டியெடுத்த பிறைத்துண்டு. இறகைச் சுற்றப் போதவில்லை. இன்னொரு துண்டை உருவி அதனோடு சேர்த்துத் தைத்தாள். அது கோயில் குடையின் சிவப்பு ஓரம். அப்போதும் போதவில்லை. மூன்றாவதாக ஒரு நீலக் கட்டத்துண்டை வைத்துத் தைத்தாள். இப்போது போதுமாயிருந்தது. ஆனால் ஊசியில் நூல் மிச்சமிருந்தது.

வெண்கோட்டு நாட்டுத் தையற்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசியில் கோத்த நூல் தீருமுன் எழமாட்டார்கள். கூப்பிடுவது யாராயினும் மாட்டார்கள். ஆகவே சிலம்பாயி மிச்ச நூலுக்காக நான்காவது துண்டை எடுத்தாள். துண்டுக்காக மறுபடி நூல் கோத்தாள். நூலுக்காகத் துண்டு, துண்டுக்காக நூல் என்று பொழுது சாய்ந்தது. அன்று மாலைதான் கவனித்தாள்: நடுப்பகலுக்குப் பின் நெஞ்சில் ஒரு மூச்சும் நிறையவில்லை. ஊசி ஏறும்போது மூச்சு ஏறியது. ஊசி இறங்கும்போது மூச்சு இறங்கியது.

மறுநாள் தன் பழம்புடவை ஒன்றை அடித்துணியாக விரித்து, அதன் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை நடுப்பக்கம் நோக்கி வைத்துத் தைக்கலானாள். எந்தத் துண்டும் அவள் தேர்ந்தெடுத்ததன்று. கைக்கு வந்தது எதுவோ அது. கோணலாயிருந்தால் மடிப்பாள். குறுகலாயிருந்தால் பக்கத்தில் ஒன்றை ஒட்டுவாள். யானையின் முகபடாமும் எண்ணெய்ச்செட்டியின் தலைப்பாகையும் அருகருகே வந்தமர்ந்தன. ஏலேலோ என்று பாடாமலே ஒரு பாட்டு அவள் விரல்களில் ஓடிற்று. அந்தப் பொறுமையை என்னென்பது. கணவன் கொக்காகி எதிரே நிற்கிறான்; கடை பூட்டிக் கிடக்கிறது; அவளோ பிறர் உடுத்து மிஞ்சியதில் ஓர் உலகத்தை ஓரங்கட்டிக்கொண்டிருந்தாள்.

கூரையில் உட்கார்ந்து பழகிய சாம்பலூதிக்குச் சிலம்பாயியின் மூச்சு கிடைக்காமல் பசித்தது. பத்தாம் நாள், மொச்சை விற்பவள் உருவெடுத்து, கூடையோடு வந்து அவள் அருகே குந்தினான். ஊரில் யாரோ வேடன் வலையோடு திரிகிறானாம், கொக்குக்கறிக்கு நல்ல கிராக்கியாம் என்று நெடுநேரம் கதைகட்டினான். சிலம்பாயி தலைநிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

"கேக்குதாடி உனக்கு? புருஷன் தண்ணியில நிக்கிறான், பொண்டாட்டி கந்தல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ஊரே சிரிக்குது. ஒரு மூச்சு அழக்கூடவா தோணலை?"

"தோணுதக்கா. இந்த நூல் தீரட்டும், அழறேன்."

மொச்சைக்காரி காத்திருந்தாள். நூல் தீர்ந்தது. சிலம்பாயி முடிச்சிட்டுப் பல்லால் கடித்தாள். அடுத்த நூலைக் கோத்தாள். "இதுவும் தீரட்டுமக்கா" என்றாள். மூன்றாவது நூலைக் கோத்தபோது மொச்சைக்காரி கூடையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். போனபின் பார்த்தால் அவள் குந்தியிருந்த இடத்தில் சாம்பல்.

இருபத்தேழாம் நாள் சாம்பலூதி பட்டு வணிகனாக வந்தான். இம்முறை அவன் அச்சுறுத்தவில்லை, புகழ்ந்தான். இத்தனை அழகிய போர்வைக்கு நடுவில் வைக்கவும் கந்தல்தானா என்று வருந்தினான். மயில்கழுத்து நிறத்தில் முழுப்பட்டு ஒன்றை அவள் முன் விரித்தான். இதை வெட்டி நடுவே வைத்தால் அரசியே கேட்டு வாங்குவாள் என்றான். பட்டின்மேல் வெயில் பட்டு அது நீர்போல் அசைந்தது.

நல்ல துணியைக் கண்டால் தையற்காரியின் கை சும்மா இராது. சிலம்பாயி ஊசியைப் போர்வையில் குத்திவைத்தாள். நூல் பாதி மிச்சமிருந்தது. இருபத்துநான்கு நாளில் முதன்முறையாக, நூல் தீருமுன் எழுந்தாள். கத்தரியை எடுத்தாள். சாணளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள். கோணலாக வெட்டிவிட்டால் என்ன செய்வது? ஒரு விரற்கடை குறைந்துவிட்டால்? வெட்டியதை ஒட்ட முடியுமா? வணிகன் கோபித்தால்? நாற்பது நாள் கழிந்தும் அவர் திரும்பாவிட்டால்? அதுவரை ஊசிநுனியளவே திரிந்துகொண்டிருந்த மனம் ஆற்றின் இருகரையும் ஓடியது. கத்தரி பட்டில் இறங்கிய கணத்தில் அவள் நெஞ்சு நிறைந்து மூச்சு நீண்டு வெளியேறிற்று.

இரண்டாவது இறகு உதிர்ந்தது. வணிகன் வயிற்றைத் தடவிக்கொண்டு மறைந்தான். பட்டு அவள் கையில் சாம்பலாய்ப் பொடிந்தது.

அவள் அழவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். சத்தமின்றி அழுதாள். கண்ணைத் துடைத்தபோது, போர்வையில் குத்தி நின்ற ஊசியும் பாதி நூலும் தெரிந்தன. ஒரு செய்தி அவளுக்கு அப்போது தெளிந்தது. முழுத்துணியில் பிழை நேரலாம். அதனால் அச்சம் உண்டு. வெட்டுத்துணி ஏற்கெனவே மிச்சமானது. அதில் இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. அச்சமில்லாத இடத்தில்தான் அவள் இருபத்துநான்கு நாள் குடியிருந்தாள். உட்கார்ந்தாள். பாதி நூலைத் தைத்துத் தீர்த்தாள்.

அதன்பின் கரைக்கு வருவோர் போவோர் சும்மா வரவில்லை. அவள் மூட்டை மெலிவதைக் கண்டு, குழந்தைச் சட்டையின் கிழிசலையும் கொடிச்சீலையின் நுனியையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தனர். தேறுதல் சொல்ல வந்தவர்களுக்குச் சொல் கிடைக்கவில்லை, துணி கிடைத்தது. சற்று உட்கார்ந்து அவள் தைப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவர்கள் நெஞ்சும் சற்று இலேசாயிற்று. கூரைகளில் சாம்பலூதிக்கு இரை குறைந்தது.

நாற்பதாம் நாள் வந்தது. உச்சியில் ஒற்றை இறகோடு நின்ற கொக்கை விடியலிலேயே சாம்பலூதி பிடித்து, நாணற்புதருக்குள் காலைக் கட்டிப் போட்டுவிட்டான். சிலம்பாயி பகலெல்லாம் வெறும் நீரைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். போர்வையின் நடுவே உள்ளங்கையளவு இடமே மிஞ்சியது. சூரியன் நீருக்கு ஒரு சாண் மேலே நின்றபோது, கடைசித் துண்டை வைத்து, நீளமாக நூல் கோத்து, முதல் தையலை ஏற்றினாள்.

அப்போது கரையேறி வந்தான் மாடப்பன். அதே தோள், அதே நடை, தலையிலிருந்து நீர் சொட்டியது.

"சிலம்பாயி, வந்துட்டேன் புள்ள. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

நாற்பது நாள் அடக்கிய மூச்சு அவ்வளவும் அவள் அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று. துக்கத்துக்கு அணை போட்டிருந்தாள், சந்தோஷத்துக்குப் போடவில்லை. மூச்சு நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது.

"உக்காருங்க" என்றாள். "இந்த நூல் தீரட்டும், வரேன்."

வந்தவன் பொய்யுரு என்று அவள் கண்டுகொண்டாள் எனச் சிலர் சொல்வர். அவள் கண்டுகொள்ளவில்லை என்பதே பொருத்தம். கணவனென்றே நம்பினாள், ஆயினும் ஊசியில் நூல் இருந்தது. ஒருமுறை பாதியில் எழுந்தவள் அவள், மறுமுறை எழமாட்டாள். ஊசி ஏறியது, இறங்கியது. ஒரே பெருமூச்சாக வரவேண்டியது பத்துத் தையலுக்குப் பத்துச் சிறுமூச்சாகத் துண்டுபட்டு இறங்கியது.

"நாப்பது நாள் தண்ணியில நின்னவனை விட நூலா பெருசு?"

"இந்தா, அரை முழந்தான்."

"என் முகத்தையாவது பாரு."

"பாக்கத்தான போறேன், ஆயுசுக்கும். கோணலாப் போயிடும், கையைத் தட்டாதீங்க."

சூரியன் நீரைத் தொட்டது. பாதி முழுகிற்று. நூல் ஒரு சாணாயிற்று, நான்கு விரலாயிற்று. கடைசிச் செந்துளியும் ஆற்றில் கரைந்தபோது சிலம்பாயி முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து, நிமிர்ந்தாள்.

எதிரே இருந்தவன் ஆற்றைப் பார்த்தான், சூரியன் இல்லை. கைக்கெட்டியது போயிற்று என்று உணர்ந்த அக்கணம், பிறர் மூச்சை விழுங்கி மட்டுமே பழகிய அவன் வாயிலிருந்து, வாழ்நாளில் முதன்முறையாக, அவனுடைய பெருமூச்சு ஒன்று வெளிப்பட்டது. ஒன்று வெளிவரத் திறந்த வாயை அவனால் மூட முடியவில்லை. அவன் விழுங்கியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன: கைம்பெண்களின் மூச்சு, கடன்பட்டவரின் மூச்சு, மகனைப் போருக்கு அனுப்பிய தாயரின் மூச்சு. அவை காற்றாகி அவரவர் ஊருக்குப் போயின. மாடப்பன் உருக் கலைந்தது. மந்திரவாதி உரு சுருங்கியது. கடைசியில் கரையில் ஒரு கைப்பிடிச் சாம்பல் இருந்தது. ஆற்றுக்காற்று அதையும் கொண்டுபோயிற்று. அன்று மாலை வெண்கோட்டு நாட்டில், காரணம் தெரியாமலே, வீடுதோறும் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

நாணற்புதர் சலசலத்தது. கணுக்காலில் நாணற்கயிறு தொங்க, மேலெல்லாம் நனைந்து, குளிரில் நடுங்கியபடி ஒரு மனிதன் எழுந்து நின்றான். கொக்குக்கு வேட்டி ஏது? அவன் புதரைவிட்டு வெளியே வரத் தயங்கினான். சிலம்பாயி சிரித்துவிட்டாள். போர்வையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவனைச் சுற்றி இறுகப் போர்த்தினாள்.

இருவரும் கரையில் அமர்ந்தார்கள். மாடப்பன் போர்வையை விரலால் தடவினான். ஓடக்காரனுக்கு மனிதரை உடுப்பால் தெரியும்.

"இது வண்ணாத்தி ரவிக்கை" என்றான். "எப்பவும் ஓடத்துல முன்னாலதான் உக்காருவா. இது எண்ணெய்ச்செட்டி. இது பூசாரி குடை, காத்துல பறந்து ஆத்துல விழுந்துச்சே, அதேதான். இந்தச் சின்னச் சட்டை யாரு, கோயில்ல கொடி பிடிப்பானே, அவன் பையனா? வளந்துட்டானா?"

ஒவ்வொரு துண்டாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனான்; அவள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போர்வையின் நான்கு ஓரமும் முடிந்து நடுவுக்கு வரும்போது, அவன் உடம்பின் நடுக்கம் நின்றிருந்தது.

அப்போதுதான் சிலம்பாயி ஊசியைக் கீழே வைத்தாள். அவன் தோளில் சாய்ந்தாள். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, நீளமாக, மெதுவாக, முழுதும் விட்டாள். அதை எண்ணுவதற்குக் கரையில் யாரும் இல்லை.

கதை இக்கரையில் இறங்கிற்று. கேட்டவர்க்கும் மூச்சு இலேசாகுக.